முடிச்சு அத்தையின் நம்பர்

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. ஆனால் எம்பிராய்டரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அந்தப் பெயர் எங்கோ நழுவிப்போய், 'பத்திரம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. யார் எதைக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான்.

"சின்னக் கத்தரிக்கோல் எங்கே?"

"பத்திரமா இருக்கு."

"போன வாரம் வந்த தொப்பி சாம்பிள்?"

"பத்திரமா வெச்சிருக்கேன்."

பொய் சொல்லவில்லை. எல்லாமே பத்திரமாகத்தான் இருந்தன. எங்கே பத்திரமாக இருக்கின்றன என்று நினைவுக்குக் கொண்டுவரத்தான் அவளுக்குக் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது.

இந்தக் குணம் பிறவியிலேயே வந்ததா என்றால், இல்லை; வளர்ந்த வீட்டில் வந்தது. நான்கு பிள்ளைகளில் கடைசி. மேலே மூன்று அண்ணன்கள். தின்பண்டம் என்று எது வீட்டுக்குள் வந்தாலும் அது மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் கையும் வாயும் வேலையை முடித்துவிடும். தன் பங்கைக் காப்பாற்ற அவள் ஒளிக்கக் கற்றுக்கொண்டாள். நன்றாகவே கற்றுக்கொண்டாள். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றினார்கள். பின்னாலிருந்து கல்லாகிப்போன மூன்று சாக்லேட்டுகள் விழுந்தன. "அடியே, இது எந்தக் காலத்துது?" என்று பெரிய அண்ணன் கேட்டபோது அவளுக்கே நினைவில்லை. ஆனாலும் அண்ணன்கள் கண்டுபிடிக்கவில்லை பார், என்ற பெருமை மட்டும் இருந்தது.

கட்டிக்கொண்டவர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறுகிற ஆட்களை நாள் முழுக்க வெளியே எடுப்பது அவர் தொழில். வீட்டுக்கு வந்தால் மனைவி ஒளித்துவைத்து மறந்ததையெல்லாம் வெளியே எடுப்பார். ஒருமுறை அவளுடைய தோடு இஸ்திரிப் பெட்டியின் உறைக்குள்ளிருந்து வந்தது. "லிஃப்டுக்குள்ள இருக்கிறவங்களாவது கத்துவாங்க, எங்கே இருக்காங்கன்னு தெரியும்" என்பார். அதற்கு அவள், "திருடன் வந்தா இஸ்திரிப் பெட்டியையா தொடப் போறான்?" என்பாள். அவர்களுடைய குடித்தனம் இப்படியாக நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

கடை, ஒரு டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில். இரண்டு அறைகள். முன்னறையில் ஒரு நீள மேசை, கண்ணாடி அலமாரியில் பெயர் தைத்த தொப்பிகள், டாக்டர் கோட்டுகள், விளையாட்டுச் சட்டைகள். உள்ளறையில் இரண்டு பெரிய மெஷின்கள். அவை ஓடினால் கீழே டயர் கடைக்காரர் போனில் பேச வாசலுக்கு வந்துவிடுவார். முதலாளியம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிசைன் போடுவார். பத்திரம் ஆர்டர் வாங்குவாள், துணியைச் சட்டத்தில் இறுக்குவாள், நூல் மாற்றுவாள், தைத்து வந்ததில் பிசிறு வெட்டி மடித்து வைப்பாள். இருவருக்கும் இடையில் முதலாளி, தொழிலாளி என்ற இடைவெளி எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. இவள் 'அக்கா' என்பாள். அவர் 'பத்திரம்' என்பார்.

ஒரு பள்ளிக்கூடத்தின் சின்னத்தைப் படமாக நீட்டினால் தையல் மெஷினுக்கு ஒன்றும் புரியாது. ஊசி எங்கே குத்த வேண்டும், நூல் எந்தப் பக்கமாக ஓட வேண்டும், எங்கே நிறம் மாற வேண்டும் என்று தையல் தையலாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்லிக் கொடுக்க ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. கடையின் உயிரே அதில்தான். அது ஒரு பெட்டியில், ஒரு டிஸ்க்கும் ஒரு அட்டையுமாக வந்தது. அட்டையில் லைசென்ஸ் கீ. அதைத் தட்டினால்தான் சாஃப்ட்வேர் கண் திறக்கும். பெட்டி, கம்ப்யூட்டர் பக்கத்திலேயே எல்லார் கண்ணிலும் படும்படி கிடந்தது.

அப்போது கடையில் டிசைனர் ஒருத்தர் இருந்தார். நல்ல கைவேலைக்காரர், இனிக்க இனிக்கப் பேசுவார். தனியாகக் கடை போடப் போகிறேன் என்று சொல்லி, எல்லாரிடமும் கண் கலங்க விடைபெற்றுக்கொண்டு போனார். போகும்போது அந்த அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் காலையில் முதலாளியம்மா கம்ப்யூட்டரைத் திறந்தால், இந்தக் கீ வேறொரு இடத்திலும் பயன்படுத்தப்படுவதால் முடக்கப்பட்டது என்று திரையில் எழுதியிருந்தது.

"என் சாவியை எடுத்துத் தன் வீட்டைத் திறந்துகிட்டு, என் வீட்டைப் பூட்டிட்டுப் போயிட்டான் பாரு!" என்று முதலாளியம்மா குதித்தார். குதித்து என்ன செய்ய? சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கெஞ்சினார், சாஃப்ட்வேர் வாங்கிய ரசீதை அனுப்பினார், மறுபடியும் கெஞ்சினார். கடைசியில் ஒரு பெண் போனிலேயே புதுக் கீயை வாசித்தாள். எல்லாம் எண்கள். பத்துப் பத்தாக மூன்று வரிசை. முதலாளியம்மா கேட்டுக் கேட்டுச் சொல்ல, பத்திரம் துணிக்கு அடியில் வைத்துத் தைக்கும் வெள்ளைத் தாளில் எழுதினாள். அந்தப் பெண் போனை வைக்கும் முன் எச்சரித்தாள்: இது வெளியே போனால் இன்னொன்று கிடைக்காது, தப்புத் தப்பாகத் தட்டினாலும் பூட்டிக்கொள்ளும்.

போனை வைத்து, கீயைத் தட்டி சாஃப்ட்வேரைத் திறந்த பிறகு, முதலாளியம்மா தாளைப் பத்திரத்தின் கையில் வைத்து மூடினார்.

"இனிமே இது உன் பொறுப்பு. ஒரு ஈ காக்கா கண்ணுல படக்கூடாது."

"எங்க வெக்கிறேன்னு உங்களுக்குச் சொல்லிடட்டுமாக்கா?"

"வேண்டவே வேண்டாம். என் வாய் சும்மா இருக்காது. எங்கேயாவது உளறிடுவேன்."

பத்திரத்துக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. வாழ்நாள் முழுக்க ஒளித்துப் பழகியதெல்லாம் இதற்குத்தானோ என்றுகூடத் தோன்றியது. பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தாள். பெட்டிக்குள் வைப்பதா? அங்கேதானே போன தடவை போனது. கைப்பையிலா? யாராவது பறித்துக்கொண்டு ஓடினால்? வீட்டிலா? தன் சரித்திரம் தனக்கே தெரியும் என்பதால் அந்த யோசனையை உடனே தள்ளிவிட்டாள். தாளை விரித்துப் பார்த்தாள். பத்து எண். பத்து எண். பத்து எண். அட, பார்த்தால் போன் நம்பர் மாதிரியே இருக்கிறதே!

போனை எடுத்து மூன்று உறவுக்காரர்களைப் பிறப்பித்தாள். முதல் வரிசை, ஊசி மாமா. இரண்டாவது, நூல் சித்தி. மூன்றாவது, முடிச்சு அத்தை. ஊசியில் ஆரம்பித்து, நூல் ஓடி, முடிச்சில் முடியும், வரிசையும் மறக்காது. திருடனே வந்து போனைக் குடைந்தாலும் ஒருத்தியின் மாமா, சித்தி, அத்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? தாளைச் சுக்குநூறாகக் கிழித்து, பாதியை பஸ் நிறுத்தத்துக் குப்பைத் தொட்டியிலும் மீதியை வீட்டுத் தெருமுனைத் தொட்டியிலும் போட்டாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

சில வருடங்கள் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடின. இடையில் அவர்கள் வேறு வீட்டுக்குக் குடிபோனார்கள். அந்த வாரம் முழுக்கப் பெட்டி, கயிறு, தூசி. புது வீட்டில் சாமான்களை அடுக்கி முடித்த கையோடு கணவர் மட்டும் ஒரு மாதிரியாகிவிட்டார். கேட்டதற்கு 'ம்' என்பார், இல்லையென்றால் 'ம்ஹும்' என்பார். சாப்பிடும்போது அவள் முகத்தையே பார்ப்பார். அவள் பார்த்தால் தட்டைப் பார்ப்பார். சாமான் தூக்கிய அலுப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் கடையில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஒரு விளையாட்டு கிளப் போட்டிக்குப் போகிறது. சட்டைகளில் பாயும் குதிரைச் சின்னம் தைக்க வேண்டும். முதலாளியம்மா குதிரையின் பிடரியை வரையத் தொடங்கியபோது கம்ப்யூட்டர் டக் டக்கென்று சத்தம் போட்டது. திரை கறுத்தது. அவ்வளவுதான். ரிப்பேர்காரர் வந்து திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஹார்ட் டிஸ்க் போயிடுச்சும்மா. உள்ள இருந்தது எதையும் எடுக்க முடியாது. வேற கம்ப்யூட்டர்தான்."

வேறு கம்ப்யூட்டர் வந்தது. பழைய டிஸ்க்கைப் போட்டு சாஃப்ட்வேரை ஏற்றினார்கள். நீளமாக ஒரு கட்டம் வந்து, கீயைத் தட்டு என்று கேட்டது. முதலாளியம்மா நாற்காலியைத் திருப்பினார். முகத்தில் ஒரு கவலையும் இல்லை.

"பத்திரம், வா. உன் நேரம் வந்துடுச்சு."

பத்திரம் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஊசி மாமா இருந்தார். நூல் சித்தி இருந்தாள். முடிச்சு அத்தையைத் தேடினால் 'முடி வெட்டும் கடை' வந்தது, அதோடு சரி. அத்தை என்று தேடினாள். நிஜ அத்தைகள் வரிசையாக வந்தார்கள். இவளைக் காணோம். மறுபடியும் மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாள்.

"என்ன, வாசி" என்றார் முதலாளியம்மா.

"பத்திரமா... ஒரு நிமிஷம்க்கா" என்று மாடிப்படிக்கு ஓடினாள். கணவருக்குப் போன் போட்டாள். அவர் எங்கோ ஒரு கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் கம்பிக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, என் போன்ல முடிச்சு அத்தைன்னு ஒரு நம்பர் இருந்துச்சு. நீங்க பார்த்தீங்களா?"

அந்தப் பக்கம் கிரீஸ் டப்பாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஹலோ? அத்தை நம்பருங்க!"

"எந்த அத்தை?" என்றார் அவர் மெதுவாக. "அந்தக் கட்டைக்குரல் அத்தையா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்றீங்க?"

"வரேன். நேர்லயே பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

மதியம் வந்தார். மாடிப்படியில் உட்கார்ந்தார். கைக் கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார். பிறகு கொட்டினார். வீடு மாறிய வாரம், அவள் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது, புது முகவரியை எல்லாருக்கும் அவள் போனிலிருந்து அவர்தான் அனுப்பினாராம். 'வீடு மாறிவிட்டோம், கட்டாயம் வாருங்கள்' என்று. முடிச்சு அத்தையிடமிருந்து மட்டும் 'யார் நீங்க?' என்று பதில் வந்ததாம்.

"நான் விடலை. 'என்ன அத்தை, அதுக்குள்ள மறந்துட்டீங்களா? ரெண்டு நாள் வந்து தங்கிட்டுப் போங்க'ன்னு எழுதினேன். உடனே போன் வந்துச்சு. எடுத்தா ஆம்பளைக் குரல்! 'நான் யாருக்கும் அத்தை இல்லை, யார் வீட்டுலயும் வந்து தங்குற ஆளும் இல்லை'ன்னு கத்துறான். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. பேரை அழிச்சேன், மெசேஜையும் வந்த காலையும் அழிச்சேன், நம்பரை பிளாக் பண்ணினேன்." கொஞ்சம் நிறுத்தி, படியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அத்தைன்னு பேர் போட்டு ஒரு ஆளை எதுக்கு வெச்சிருந்தே?"

பத்திரத்துக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். எண்களைச் சும்மா எழுதிவைத்தாளே தவிர, அந்த எண்ணில் உண்மையிலேயே ஒருவர் எங்கோ குடியிருப்பார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. ஊசி மாமாவும் நூல் சித்தியும் உலகத்திலேயே இல்லாதவர்களாகப் போனார்கள். முடிச்சு அத்தைக்கு மட்டும் ஆள் இருந்திருக்கிறது.

"ஐயோ, அது ஆளே இல்லைங்க! சாஃப்ட்வேர் சாவி!" என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்து, பிறகு சிவந்து, கடைசியில் அசட்டுச் சிரிப்பில் வந்து நின்றது.

"ஒரு மாசமா இதையா மனசுல வெச்சிருந்தீங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்ன பதில் வருமோன்னு பயமா இருந்துச்சு" என்றார் அவர்.

அவள் கிரீஸ் துணியை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள்.

வேறு வழியில்லாமல் முதலாளியம்மாவிடம் குட்டை உடைக்க வேண்டியதாயிற்று. அவர் தலையில் கை வைத்தபடி கம்பெனிக்குப் போன் போட்டார். கம்பெனி கைமாறிப் போயிருந்தது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு இயந்திரக் குரல் அவரைச் சுற்றிச் சுற்றி நடத்திக்கொண்டுபோய், புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விட்டது.

"பிளாக் பண்ணினேன்னு சொன்னீங்களே, எப்படிப் பண்ணினீங்க?" என்று பத்திரம் திடீரென்று கணவரைக் கேட்டாள்.

அவர் போனை வாங்கி இரண்டு மூன்று இடத்தில் தட்டிக் காட்டினார். பிளாக் செய்த நம்பர்கள் எல்லாம் திறந்தன. பத்திரத்தின் கண் விரிந்தது. போன் யாரையும் மறக்கவில்லை! பேர்தான் போயிருந்தது, எண் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஆனால் அது தனியாக இல்லை. நிலம் விற்கிறேன், கடன் தருகிறேன், இன்ஷூரன்ஸ் போடு என்று தொல்லை கொடுத்தவர்களையெல்லாம் அவள் பிளாக் செய்து வைத்திருந்தாள். விரலால் தள்ளத் தள்ளப் பேரில்லாத நம்பர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் கட்டத்தில் தட்டிப் பார்க்க முடியாது, பூட்டிக்கொள்ளும்.

"ஏதாவது அடையாளம் சொல்லுங்களேன்" என்றார் முதலாளியம்மா.

கணவர் கண்ணை மூடி யோசித்தார். "பின்னாடி நாய் குரைச்சுது. ஒண்ணு இல்ல, நிறைய."

ஆக, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. யாரிடமிருந்தெல்லாம் ஓடி ஒளிந்தாளோ, அவர்களையெல்லாம் பத்திரமே வலியப் போய்க் கூப்பிட்டாள். நிலம் விற்பவருக்குச் சந்தோஷத்தில் நாக்குக் குழறியது. "மேடம், நீங்களே கூப்பிட்டீங்களா! கார்னர் பிளாட் ஒண்ணு உங்களுக்காகவே வெச்சிருக்கேன்" என்றார். நாய் இருக்கிறதா என்று கேட்டதற்கு, காவலுக்கு நாயும் ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னார். உடற்பயிற்சி நிலையத்துப் பெண் உயரம், எடை எல்லாம் விசாரித்தாள். இன்ஷூரன்ஸ்காரரிடமிருந்து மீள முதலாளியம்மா குறுக்கே புகுந்து, "இவங்க ஊர்லயே இல்லை" என்று சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த நம்பரில் மணி அடித்தது. எடுத்ததும், ஆள் பேசுவதற்கு முன்னால் நாய் பேசியது. அதற்கு இன்னொரு நாய் பதில் சொன்னது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஹலோ, யாருங்க?" என்றது ஒரு கட்டைக்குரல்.

பத்திரத்துக்கு எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. "சார், தப்பா நினைக்காதீங்க. நீங்கதான் முடிச்சு அத்தையா?"

சிறிது நேரம் நாய்கள் மட்டும் பேசின.

"திரும்பவும் நீங்களா?" என்றார் அவர். "அம்மா, நான் நாய் குளிப்பாட்டுற கடை வெச்சிருக்கேன். இப்ப என் கையில ஒரு நாய் சோப்பு நுரையோட நிக்குது. உங்களுக்கு என்னதான் வேணும்?"

பத்திரம் மூச்சுவிடாமல் கதை முழுவதையும் ஒப்பித்தாள். டயர் கடைக்கு மேலே இருக்கும் கடை, டிசைனர், அட்டை, ஊசி மாமா, நூல் சித்தி, பாயும் குதிரை, எதையும் விடவில்லை. முதலாளியம்மா "ஐயோ, ரகசியத்துல மூணுல ஒரு பங்கை ஊருக்குச் சொல்றாளே!" என்று வாயில் கை வைத்தார்.

அது அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "பயப்படாதீங்கம்மா" என்றார் அவர். "என் நம்பரை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன், நாய் முதுகுல பூ தைக்கவா?" பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரிக்கச் சிரிக்க நாய்கள் குரைத்தன. "அன்னிக்கு வந்து தங்கச் சொன்னது யாரு? ரொம்ப அன்பா எழுதியிருந்தாரு."

"நான்தாங்க" என்றார் கணவர், போன் பக்கம் குனிந்து. "அன்னிக்குச் சரியாப் பேசாம கட் பண்ணிட்டேன். மன்னிச்சுக்குங்க."

"இருக்கட்டும் சார். அத்தைன்னு என்னை யாரும் அதுக்கு முன்ன கூப்பிட்டதில்லை."

கம்ப்யூட்டரைச் சுற்றி மூவரும் நின்றார்கள். பத்திரம் ஊசி மாமாவையும் நூல் சித்தியையும் வாசித்தாள். முதலாளியம்மா ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்லியபடி தட்டினார். கடைசி வரிசையைக் கணவர் வாசித்தார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பட்டென்று திரை வெளுத்து, வெறும் துணி மாதிரி ஒரு பக்கம் திறந்தது.

முதலாளியம்மா நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சுவிட்டார். திட்டுவார் என்று பத்திரம் காத்திருந்தாள். அவர் திட்டவில்லை.

"தப்பு என்னோடதும்தான். எனக்குச் சொல்லாதேன்னு நான்தானே சொன்னேன்" என்றார். "இனிமே ஒரு காப்பி பேங்க் லாக்கர்ல. இன்னொண்ணு, பாஸ்வேர்டு போட்டு நம்ம ரெண்டு பேர் போன்லயும். சொந்தப் பேர்ல, மாமா சித்தியெல்லாம் இல்லாம."

"ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா அது என்ன ரகசியம்க்கா?"

"ஒருத்திக்கு மட்டும் தெரிஞ்சா என்ன ஆகும்னுதான் இன்னிக்குப் பார்த்தோமே."

பத்திரத்துக்கு அது லேசில் ஜீரணமாகவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், கால்கூடக் கழுவாமல், கணவரைக் கூப்பிட்டு வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினாள். அலமாரிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் உறை, மாவு டப்பாவுக்குள் இருக்கும் சின்ன டப்பா, கடிகாரத்துக்குள் மடித்து வைத்த தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். குளியலறைக் கதவருகே நின்று, "இங்கேயும் ஏதோ வெச்சேன்" என்றாள். என்னவென்று நினைவுக்கு வரவில்லை. இருவரும் தரையில் உட்கார்ந்து யோசித்தார்கள். வரவேயில்லை. வீடு மாறிய நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

பாயும் குதிரைகள் தைத்து முடிந்து கிளப்புக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு காலை நேரத்தில் கடையின் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ஒரு பருத்த மனிதர், இரண்டு சின்ன நாய்களைக் கயிற்றில் பிடித்தபடி மூச்சு வாங்க ஏறி வந்தார். குரலைக் கேட்டதும் பத்திரம் எழுந்து நின்றுவிட்டாள்.

"குளிச்சு முடிச்ச நாய்க்கு நடுக்கம் எடுக்குதும்மா" என்றார் அவர். "ரெண்டு குட்டிக் கோட்டு தைச்சு வெச்சிருக்கேன். முதுகுல கடைப் பேரு போடணும். முடியுமா?"

கோட்டு உள்ளங்கை அகலம்தான் இருந்தது. சட்டத்தில் இறுக்கினால் நழுவியது. பத்திரம் அடியில் கெட்டித் துணி வைத்துப் பார்த்தாள், ஓரத்தில் ஊசி குத்திப் பார்த்தாள். நான்காவது தடவை நின்றது. முதலாளியம்மா பெயரைச் சின்ன எழுத்தில் போட்டுக் கொடுத்தார். மெஷின் ஓடத் தொடங்கியதும் இரண்டு நாய்களும் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டன. சூடு ஆறாத கோட்டை ஒன்றுக்கு மாட்டிவிட்டார் அவர். அது ஒரு தடவை உடம்பை உதறிப் பார்த்தது, கோட்டு கழலவில்லை என்று தெரிந்ததும் கயிற்றை இழுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடியது. "டேய், நில்லுடா!" என்று கத்திக்கொண்டு அவரும், அவருக்குப் பின்னால் இன்னொரு கோட்டைக் கையில் பிடித்தபடி பத்திரமும் ஓடினார்கள். கீழே டயர் கடைக்காரர் போனைக் கையால் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.